பெண்களுக்குப் பாதிப் பொறுப்பு: கட்சி உறுப்பினர்களிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: சேலம் மாவட்டத்தில் ஒரு சிறிய கட்சியில் அமைப்புச் செயலாளராக இருக்கிறேன். கிளையிலிருந்து மாவட்டக் குழு வரை எல்லாப் பொறுப்புகளிலும் பாதி பெண்களுக்கு, அந்தப் பாதியில் திருநங்கைகளுக்கும் இடம் உண்டு என்று தலைமையிலிருந்து ஒரு வரைவு வந்திருக்கிறது. உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டுப் பொதுக்குழுவுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். சில ஒன்றியங்களில் ராஜினாமா செய்துவிடுவோம் என்கிறார்கள். மகளிர் அணிக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தால் போதுமா? வேறு எப்படிச் செய்வது, அக்கா?

பதில்:

தம்பி, வாட்ஸ்அப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். உங்கள் உறுப்பினர் பதிவேட்டில் பெண்கள் பெயர் இருக்கும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, எதிரே எழுதியிருக்கும் கைபேசி எண்களைப் பாருங்கள். பல எண்கள் கணவருடையதாக இருக்கும், மகனுடையதாக இருக்கும். வரிசையாக ஏழெட்டுப் பெண்களுக்குக் கிளைச் செயலாளரின் எண்ணையே போட்டு வைத்திருக்கும் பக்கங்களையும் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணுக்கு அனுப்பும் கேள்விக்குப் பதில் சொல்லப்போவது யார்? அதோடு, குழுவில் ஓட்டெடுப்பு வைத்தால் யார் எந்தப் பக்கம் தொட்டார்கள் என்பது அங்கே இருக்கும் எல்லோருக்கும் பெயரோடு தெரிந்துவிடும். மாவட்டச் செயலாளரும் இருக்கிற குழுவில் ஒரு கிளை உறுப்பினர் மனதில் உள்ளபடி தொட மாட்டார்.

2022 ஜனவரியில் பஞ்சாபில் ஆம் ஆத்மி கட்சி, முதலமைச்சர் வேட்பாளர் யார் என்று ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து மக்களிடம் கேட்டது. 21 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன, அதில் 93 சதவீதம் பகவந்த் மானுக்கு என்று அறிவித்தார்கள். ஒரு தலைவரை முன்னிறுத்த அது நல்ல பிரச்சாரம். ஆனால் கட்சிக்குள் மனத்தாங்கல் உண்டாக்கும் ஒரு விதியை அலச அந்த முறை உதவாது. பதில் சொன்னவர் உறுப்பினரா, வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம், எதை மாற்றினால் ஒப்புக்கொள்வார், இவை எதுவும் அந்த எண்ணிக்கையில் இருக்காது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எந்த இடத்தில், எந்த நேரத்தில், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். ஆண் பெண் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இது இரட்டிப்பு உண்மை.

நம் கிளைக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் ஒருமுறை கண்முன் கொண்டுவாருங்கள். சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு தெரு. இரவு ஏழரை மணி. கட்சிக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் ஒன்றியத்திலிருந்து வந்தவர், கிளைச் செயலாளர், பழைய கவுன்சிலர். பெண்கள் நான்கைந்து பேர் கடைசி வரிசையில், ஒருவர் மடியில் குழந்தை. தெருவில் தறி ஓடும் சத்தம். வரைவை ஒருவர் வேகவேகமாக வாசிக்கிறார். "எல்லோருக்கும் சம்மதம்தானே?" கைதட்டல். தீர்மானப் புத்தகம் கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசைக்கு வரும்போது மேலே ஏற்கெனவே பதினைந்து கையெழுத்து இருக்கிறது. அந்தப் பெண் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்க அந்த இடத்தில் இடைவெளியே இல்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் பேச்சு தொடங்கும். "பொறுப்பு கொடுத்தா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல யாரு சோறாக்கறது?" "திருநங்கைங்களையும் நம்ம கணக்குலயே சேத்துட்டா நமக்கு என்ன மிஞ்சும்?" "சேத்தா என்ன? நம்ம பாட்டுக்கு நாம, அவங்க பாட்டுக்கு அவங்க." உங்களுக்கு வேண்டிய கருத்து முழுவதும் அந்த நடையில்தான் இருக்கிறது. தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி கூட ஏறாது. ஏகமனதாக நிறைவேறியது என்று மட்டும் ஏறும்.

ஆகவே கருத்துக் கேட்பு என்றால் அந்த நடைப் பேச்சைக் கூட்டத்துக்குள் கொண்டுவரும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் உங்கள் கட்சியின் சட்டதிட்ட விதிகளை எடுங்கள். பொறுப்புகளின் எண்ணிக்கையை, தகுதியை மாற்றும் அதிகாரம் யாருக்கு? பொதுக்குழுவுக்கா, மாநாட்டுக்கா? எத்தனை பங்கு பெரும்பான்மை வேண்டும்? இதைச் சரிபார்க்காமல் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுவிட்டு, கடைசியில் இது செல்லாது என்று ஒருவர் நீதிமன்றம் போனால் எல்லாம் வீண். பொதுக்குழு பெரியதா, அடிப்படை உறுப்பினர் பெரியவரா என்ற சண்டை எவ்வளவு தூரம் போகும் என்று அ.தி.மு.க.வின் 2022 ஜூலை 11 பொதுக்குழு விவகாரத்தில் நாடே பார்த்தது. 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுக்குழுக் கூட்டத்தை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லும் வரை இழுத்தது. உள்கட்சி விஷயத்தில் நாட்டின் சட்டம் அதிகம் கை கொடுக்காது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சியைப் பதிவு செய்வதைப் பற்றிப் பேசுகிறது, உறுப்பினரிடம் இப்படித்தான் கருத்துக் கேட்க வேண்டும் என்று சொல்வதில்லை. உள்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கச் சொல்லி சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில், 1999இலேயே பரிந்துரைத்தது. அது அறிக்கையாகவே இருக்கிறது. எனவே உங்கள் விதிப் புத்தகம்தான் உங்களுக்குச் சட்டம்.

அடுத்தது, எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது. உங்களுக்கு வந்த வரைவில் இரண்டு கேள்வி இருக்கிறது. பொறுப்புகளில் பாதி பெண்களுக்கா என்பது ஒன்று. அந்தப் பாதிக்குள் திருநங்கைகள் வருவார்களா, அல்லது அவர்களுக்குத் தனியாக இடமா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சீட்டில் போட்டு ஆம், இல்லை என்று கேட்டால் என்ன நடக்கும் தெரியுமா? முதல் கேள்வி பிடிக்காத ஆண்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். "எங்களுக்குப் பெண்கள் வருவதில் ஆட்சேபம் இல்லை, அந்த இன்னொரு விஷயம்தான் இடிக்கிறது" என்பார்கள். திருநங்கைகளை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். பழி அவர்கள் மேல் விழும், இடம் பெண்களுக்கும் கிடைக்காது.

நாடாளுமன்றத்தில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா பட்ட பாட்டைப் பாருங்கள். 1996 செப்டம்பரில் தேவ கவுடா ஆட்சியில் முதலில் வந்தது. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதை மனதாரக் கேட்டவர்களும் இருந்தார்கள், மசோதாவையே முடக்க அதைப் பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். இரண்டையும் பிரித்து முடிவு காண யாரும் முன்வராததால் 2010 மார்ச்சில் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வராமல் காலாவதியானது. கடைசியில் 2023 செப்டம்பரில் 106ஆவது திருத்தமாக நிறைவேறியது, மக்களவையில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். அப்போதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறை என்று ஒரு முடிச்சு. உங்கள் மாவட்டத்தில் அந்தக் கதை நடக்க வேண்டாம். இரண்டு கேள்வி, இரண்டு சீட்டு, இரண்டு நாள் விவாதம்.

வரைவை ஒரே பக்கத்தில், பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும் மொழியில் எழுதி எல்லார் கையிலும் கொடுங்கள். வாசித்துக் காட்டுவது மட்டும் போதாது. சேலத்துக்காரர்களுக்கு இதன் அருமை தெரிந்திருக்க வேண்டும். 1971 ஜனவரியில் இங்கே திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டில், மணமான பெண் வேறொருவரை விரும்புவதைக் குற்றமாக்கக் கூடாது என்ற பொருளில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பெண்ணின் விருப்பத்தைப் பற்றிய அந்தத் தீர்மானம், அடுத்தவர் மனைவியை ஆண் விரும்பலாம் என்கிற மாதிரி திருப்பப்பட்டுச் சில பத்திரிகைகளில் வெளியானது. திராவிடர் கழகம் மறுத்தது, ஆனால் பரவிய செய்தி பரவியதுதான். அந்தத் தீர்மானம் தொட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவு 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது, அதற்கு 47 ஆண்டு ஆயிற்று. பெண்கள் பற்றிய தீர்மானம் மண்டபத்துக்குள் ஒரு உருவத்திலும் தெருவில் இன்னொரு உருவத்திலும் உலவும். அச்சடித்த ஒரு பக்கம் வீட்டில் இருந்தால், "உங்கள் கட்சி இப்படிச் சொல்லிவிட்டதாமே" என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் உறுப்பினர் அதை எடுத்துக் காட்ட முடியும்.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். கேட்ட கருத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? பெரும்பான்மை சொன்னபடி மாவட்டம் பொதுக்குழுவில் வாக்களிக்குமா? அல்லது கருத்துகளை எல்லாம் தொகுத்து அனுப்பிவிட்டு முடிவைத் தலைமையிடம் விடுமா? எதுவானாலும் சரி, முன்கூட்டியே சொல்லுங்கள். தலைமை முடிவெடுத்துவிட்டு ஒப்புக்குக் கேட்கிறது என்ற சந்தேகம் வந்துவிட்டால், மனதில் இருப்பதைச் சொல்லும் நல்ல உறுப்பினர் வரவே மாட்டார். சத்தம் போடுபவர் மட்டும் வருவார்.

கால அவகாசத்துக்கு ஒரு முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. மார்க்சிஸ்ட் கட்சியின் அமைப்புச் சட்டப்படி, அகில இந்திய மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே வரைவுத் தீர்மானத்தை வெளியிட வேண்டும். கிளைகள் விவாதித்துத் திருத்தங்களை நேரடியாக மத்தியக் குழுவுக்கே அனுப்பலாம். 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த 24ஆவது மாநாட்டுக்கும் அப்படித்தான் வரைவு முன்கூட்டியே வெளியானது. அந்தக் கட்சியின் அரசியல் எனக்கு ஒத்துவராத இடங்கள் உண்டு. ஆனால் இந்த இரண்டு மாதம், நேரடித் திருத்தம் என்ற ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிளை உறுப்பினர் எழுதிய திருத்தத்தை ஒன்றியச் செயலாளர் நடுவில் அமுக்கிவிட முடியாது என்பது அதில் பெரிய நன்மை.

இந்த இரண்டு மாதத்தை எங்கே வைப்பது என்று நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆடியில் வைத்தால் கோட்டை மாரியம்மன் திருவிழா. மாநகரில் ஒரு கிளை கூட ஒழுங்காகக் கூடாது. ஏற்காட்டில் கார்த்திகையிலிருந்து மாசி வரை காப்பி அறுவடை. அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பகலில் பழம் பறிப்பு, மாலையில் எடை போட வரிசை, அப்புறம் விறகும் தண்ணீரும் சமையலும். அவரிடம் போய்க் கட்சி விதியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றால் அது கேட்பே ஆகாது. ஆடி முடிந்து ஆவணி, புரட்டாசி தோதான காலம்.

மலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாவட்டக் கூட்டம் என்றால் மலை உறுப்பினர்களைச் சேலத்துக்கு வரச் சொல்வதே நம் பழக்கம். நாகலூரிலிருந்தோ செம்மநத்தத்திலிருந்தோ ஒரு பெண் முதலில் ஏற்காடு வர வேண்டும், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், திரும்பும்போது கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும். ஆண்கள் வருவார்கள், வந்து பெண்கள் சார்பிலும் பேசிவிட்டுப் போவார்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். ஒதுக்கீடு என்றால் என்ன, அது வந்த பிறகு என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று மலையாளி எனப்படும் இந்த மலைப் பழங்குடி மக்கள் அளவுக்கு அனுபவத்தோடு பேசக்கூடியவர்கள் உங்கள் மாவட்டத்தில் வேறு யார்? நீங்கள் மேலே போங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிந்த நேரம் பார்த்து, ஊர்ப் பெரியவர்களிடம் முறையாகச் சொல்லிவிட்டு, பெண்களோடு தனியாக உட்காருங்கள். உங்களோடு ஒரு பெண் பொறுப்பாளர் வரட்டும், அவர் பேசட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே மாநகரிலும் இதே கணக்குத்தான். சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கும் ஒரே நேரம் வைக்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரத்தில் வீட்டோடு கொலுசு வேலை செய்யும் பெண்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும். இளம்பிள்ளையில் விசைத்தறி ஷிப்ட் பார்த்து வைக்க வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை ஓடும் மாதம், ஓடாத மாதம் என்று இருக்கிறது. இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கூட்ட நேரத்தை யார் முடிவு செய்கிறாரோ அவர் பாதி முடிவை எடுத்துவிடுகிறார்.

இனி யார் முதலில் பேசுவது? என் யோசனை, ஒவ்வொரு ஒன்றியத்திலும் மூன்று தனித்தனிச் சுற்று. பெண்கள் மட்டும். பிறகு இப்போது பொறுப்பில் இருப்பவர்கள் மட்டும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து. திருநங்கை உறுப்பினர்களிடம் இதற்கெல்லாம் முன்னாலேயே போய்க் கேளுங்கள்: பொதுக்கூட்டத்தில் பேச விரும்புகிறீர்களா, எழுதித் தருகிறீர்களா, வேறொருவர் வாசிக்கட்டுமா? அவர்களை மேடையில் ஏற்றி வேடிக்கைப் பொருள் ஆக்கிவிடக் கூடாது.

கூட்டத்தை நடத்துபவர் ஒரு எல்லையை உறுதியாகப் பிடிக்க வேண்டும். விவாதத்துக்கு உரியது கட்சியின் பொறுப்பு விதி. ஒருவர் யார் என்பது விவாதத்துக்கு உரியதில்லை. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தன் பாலின அடையாளத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றுவிட்டது. தமிழ்நாடு அதற்கும் ஆறு ஆண்டு முன்பே, 2008இல், திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம். 2016இல் ஆர்.கே. நகரில் நாம் தமிழர் கட்சி திருநங்கை ஒருவரை வேட்பாளராக நிறுத்தியது. 2022இல் வேலூர் மாநகராட்சியில் தி.மு.க. சார்பில் திருநங்கை ஒருவர் கவுன்சிலராக வென்றார். இவ்வளவு நடந்த பிறகு ஒருவர் எழுந்து கேலி பேசினால் அதை எதிர்க்கருத்து என்று குறிக்க வேண்டியதில்லை, உட்காரச் சொல்லலாம். ஆனால் ஒரு பெண் எழுந்து, "மகளிர் அணியில் எங்கள் வீட்டு வன்முறை, உடம்பு விஷயம் எல்லாம் பேசுகிறோம், புதிதாக வருபவர் முன் பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது" என்றால் அது கேலி கிடையாது. அதை வெறுப்பு என்று முத்திரை குத்தி வாயை அடைத்தால் அவர் மறுபடி கூட்டத்துக்கு வர மாட்டார். அந்தத் தயக்கத்தையும், தன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுக் கட்சியிலாவது இடம் கிடைக்குமா என்று வந்த திருநங்கை சொல்வதையும் ஒரே கூடத்தில் இருவரும் கேட்கும்படி செய்வதுதான் உங்கள் வேலை. கடினமான வேலை. ஒரே கூட்டத்தில் ஆகாது.

என் நிலையை மறைக்க விரும்பவில்லை. பாதி இடம் வேண்டும், திருநங்கைகளுக்கும் இடம் வேண்டும் என்பவள் நான். இது ஏதோ வெளியூர்ச் சரக்கு என்று நம் மாவட்டத்தில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டதே சேலத்தில்தான். பெண் பிறப்பதே பிரச்சினையாக இருந்த ஊரில் பெண்ணுக்கு இடம் பற்றிய பேச்சு இங்கேயே முளைத்த பேச்சு. இருந்தாலும் கருத்துக் கேட்பை நடத்துபவர் அந்த இரண்டு மாதமும் தன் பக்கத்தைப் பிரச்சாரம் செய்யக் கூடாது. உங்களுக்கு வலுவான கருத்து இருந்தால் நடத்தும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு விவாதத்தில் இறங்குங்கள். இரண்டும் ஒருவரே செய்ய முடியாது.

ராஜினாமா மிரட்டல் பற்றி. மிரட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே இருப்பது ஒரே கேள்வி: என் பதவி போகுமா? அதைப் பூசி மெழுகாமல் பேசிவிடுங்கள். இருபது ஆண்டு போஸ்டர் ஒட்டி, வழக்கு வாங்கி, கைக்காசு போட்டு வளர்ந்த ஒன்றியப் பொருளாளரிடம் அடுத்த மாதம் எழுந்திரு என்றால் அவருக்கு வலிக்காதா? வலிக்கும். அதை ஒப்புக்கொண்டு பேச ஆரம்பித்தால் பாதிச் சூடு தணியும்.

இங்கே ஜெர்மனியின் கிறிஸ்தவ ஜனநாயக யூனியன் கட்சி நடந்துகொண்ட விதம் பயன்படும். பழமைவாதக் கட்சி, பெண்களுக்கு ஒதுக்கீடு என்றாலே முகம் சுளித்த கட்சி. 1995இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் தலைவர் ஹெல்முட் கோலே ஆதரித்தும் மூன்றில் ஒரு பங்கு என்ற தீர்மானம் தேவையான பெரும்பான்மைக்குச் சில வாக்குகள் குறைந்து தோற்றது. அடுத்த ஆண்டு ஹனோவரில் கொஞ்சம் தளர்த்திக் கொண்டுவந்தார்கள், நிறைவேறியது. பிறகு 2020இல் கட்சியின் குழு ஒன்று இரவு முழுக்கப் பேசி, பாதி இடம் என்ற இலக்கை ஒப்புக்கொண்டது. 2022 செப்டம்பர் மாநாட்டில் நீண்ட விவாதம்; இளம்பெண்களே சிலர் எழுந்து எங்களுக்கு ஒதுக்கீடு வேண்டாம் என்றார்கள். எல்லோரும் பேசிய பிறகு 559க்கு 409 என்று நிறைவேறியது. 2023இல் 30 சதவீதம், 2024இல் 40, 2025 நடுவிலிருந்து 50. அதுவும் 2029 வரைதான், அப்புறம் மறுபடி பார்க்க வேண்டும். எதிர்த்து வாக்களித்தவர்கள் 409 பேர் இருந்தும் கட்சி உடையவில்லை. படிப்படியாக வருகிறது, ஒரு காலக்கெடுவுக்குப் பிறகு மறுபரிசீலனை உண்டு என்பதால் தோற்றவர்களுக்கு உள்ளே இருக்க ஒரு காரணம் கிடைத்தது. உங்கள் சீட்டிலும் "உடனே", "அடுத்த உள்கட்சித் தேர்தல் முதல்", "இரண்டு தேர்தலில் படிப்படியாக" என்று வாய்ப்புகள் இருக்கட்டும். வெறும் ஆம் இல்லை வேண்டாம்.

இன்னொரு ஆட்சேபமும் வரும்: "பாதி கொடுத்தால் நாற்காலியில் அம்மா, பேச்செல்லாம் ஐயா." உள்ளாட்சியில் 2016 சட்டம் பெண்களுக்கு 50 சதவீதம் ஆக்கிய பிறகும் எத்தனை ஊராட்சியில் கணவர்தான் கையெழுத்துக்கு முன் கோப்பைப் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். இதை எதிர்ப்பவர்கள் வாயால் வரும் திருத்தமாகவே மாற்றுங்கள். பொறுப்பாளருக்குப் பதிலாக வேறு யாரும் கூட்டத்தில் உட்காரக் கூடாது, தொடர்ந்து மூன்று கூட்டம் அப்படி நடந்தால் பொறுப்பு காலி என்று விதியிலேயே எழுதலாமே. ஆட்சேபம் சொன்னவரையே அந்த வரியை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் அவரும் அந்த வரைவுக்குப் பங்காளி.

நாம் தமிழர் கட்சி 2019 மக்களவைத் தேர்தலில் 40இல் 20, 2021 சட்டமன்றத் தேர்தலில் 234இல் 117 என்று வேட்பாளர்களில் பாதி பெண்களை நிறுத்தியதைச் சிலர் எடுத்துக்காட்டி, தலைமை சொன்னால் போதுமே, எதற்கு இந்தச் சுற்று என்பார்கள். வேட்பாளர் பட்டியலைத் தலைமை ஒரு நாளில் வெளியிட முடியும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை. கிளைச் செயலாளர் பொறுப்பு அப்படியா? தினமும் அந்தத் தெருவில் அந்த மனிதர்களோடு புழங்க வேண்டிய பொறுப்பு. தெரு ஒப்புக்கொள்ளாத பொறுப்பாளர் பெயரளவில் இருப்பார். அதனால்தான் இந்தச் சுற்று.

ஓட்டெடுப்பு நாளுக்கு வருவோம். ரகசிய வாக்கு, அச்சிட்ட சீட்டு, பூட்டிய பெட்டி. பெட்டி கிளைச் செயலாளர் வீட்டில் இரவு தங்கக் கூடாது. எண்ணுவதற்கு வேறு மாவட்டத்திலிருந்து இருவர், கட்சியில் இல்லாத ஒரு வழக்கறிஞர் அல்லது ஓய்வு பெற்ற ஆசிரியர். பெண்கள் சீட்டு, ஆண்கள் சீட்டு நிறத்தால் பிரிந்திருந்தால் நல்லது, இரு தரப்பும் எப்படி நினைக்கிறது என்று பொதுக்குழுவுக்குத் தெரியும். திருநங்கை உறுப்பினர் விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தால் அவர்களுக்குத் தனி நிறம் கொடுக்காதீர்கள். யார் எப்படிப் போட்டார் என்று தெரிந்துவிடும். அவர்கள் சொல்லும் நிறத்தைக் கொடுங்கள்.

மாற்றுக் கருத்து வைத்திருக்கும் பொறுப்பாளர்களை என்ன செய்வது என்ற விதியை ஓட்டெடுப்புக்கு முன்பே எழுதிவிடுங்கள். இங்கிலாந்தின் பசுமைக் கட்சி இதில் பட்டுத் தெளிந்தது. அந்தக் கட்சியின் முன்னாள் துணைத் தலைவர் ஷாரார் அலி, பாலின விஷயத்தில் கட்சிக் கொள்கைக்கு மாறான கருத்துடையவர், 2022இல் செய்தித் தொடர்பாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். வழக்குப் போட்டார். 2024 பிப்ரவரியில் நீதிமன்றம், கொள்கைக்கு ஒத்துப்போகாத செய்தித் தொடர்பாளரை நீக்கக் கட்சிக்கு உரிமை உண்டு, ஆனால் நீக்கிய நடைமுறை நியாயமாக இல்லை என்று சொல்லி ஒன்பதாயிரம் பவுண்டுக்குச் சற்று மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் ஊருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, பாடம் பொருந்தும். முடிவு வந்த பிறகு எதிர்த்தவர் உறுப்பினராக இருந்து பேசலாமா, பொறுப்பாளராக இருந்து பேசலாமா, மேடையில் பேசலாமா, கூட்டத்துக்குள் மட்டும் பேசலாமா? யார் ஜெயிப்பார் என்று தெரியாதபோது எழுதினால்தான் இரு தரப்பும் நியாயமான விதிக்கு ஒப்புக்கொள்ளும்.

பொதுக்குழுவுக்கு அனுப்பும் அறிக்கையில் வாக்கு எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போடுங்கள். அதற்குப் பிறகு ஒன்றியவாரியாக என்ன பேசினார்கள், எந்தத் திருத்தம் வந்தது, எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று இருக்கட்டும். தோற்ற தரப்பு தன் காரணத்தைத் தானே இரண்டு பக்கம் எழுதி இணைக்கட்டும், நீங்கள் சுருக்கித் தர வேண்டாம். பெயர் எதுவும் வேண்டாம், ஊர் போதும். அந்த அறிக்கையின் நகல் ஒன்று, சேலத்தில் மாவட்ட அலுவலகத்தில் வைப்பதோடு நிற்காமல், நாகலூர்க் கிளைக்கும் இளம்பிள்ளைக் கிளைக்கும் பொதுக்குழுவுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். தாங்கள் சொன்னது தாளில் ஏறியிருக்கிறதா என்று அவர்கள் பார்த்து, விடுபட்டிருந்தால் சொல்ல ஒரு வாரம் விடுங்கள். விடுபட்டது நிச்சயம் ஏதாவது இருக்கும். அதைச் சேர்த்த பிறகு அனுப்புங்கள்.